அக்கா மகளை ஆடிஷனுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கொக்கிரகுளத்தான்

அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் பாடுவாள். மாமன் சொல்வதால் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், மீதியே போதும். அடுத்த மாதம் மதுரையில் ஒரு சேனலின் பாட்டுப் போட்டிக்கு ஆடிஷன் என்று விளம்பரம் ஓடுகிறது. பிள்ளை முடிவே பண்ணிவிட்டாள். "நீதாம்ல கூட்டிட்டுப் போணும்" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள்.

அத்தானுக்கு இஷ்டமில்லை. "எல்லாம் செட்டப்பு வே. யாரு ஜெயிக்கணும்னு முத நாளே எழுதி வச்சிருப்பான். பஸ் காசுதான் தெண்டம்" என்கிறார். இதே அத்தான்தான் சனி, ஞாயிறு ராத்திரி அந்த நிகழ்ச்சி முடிகிறவரை ரிமோட்டை மடியை விட்டு இறக்க மாட்டார். நடுவர் பேசும்போது வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. போன சீசனில் அவருக்குப் பிடித்த பையன் வெளியேறிய அன்று, தட்டில் விழுந்த தோசையை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். செட்டப்புக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு வருத்தம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அக்கா வீட்டுக்காரர் ஆச்சே, விழுங்கிவிட்டேன்.

போய்விட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் தர்க்கம்

உங்கள் அத்தான் சொல்வதுதான் சரி. தோசையை மட்டும் சாப்பிட்டிருக்கலாம்.

பிரிட்டனில் ஐடிவி என்று பெரிய சேனல். அதன் நிகழ்ச்சிகளில் ஜனங்கள் காசு கொடுத்து போன் போட்டார்கள், அதில் எவ்வளவோ கணக்கிலேயே வரவில்லை என்று 2007-ல் வெளியே வந்தது. மறு வருஷம் அங்கே சேனல்களைக் கண்காணிக்கிற ஆஃப்காம் போட்ட அபராதம் 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. கேள்வி கேட்க ஒரு அமைப்பு இருக்கிற ஊரிலேயே அந்தக் கூத்து. நம்மூரில் "கோடிக்கணக்கான வாக்குகள் குவிந்தன" என்று தொகுப்பாளர் கத்துவார், கலர் காகிதம் பறக்கும், அவ்வளவுதான். உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்குக்கூட பூத் ஏஜென்ட் உட்கார்கிறான். இங்கே யார் உட்கார்ந்தது?

2016-ல் சூப்பர் சிங்கர் ஐந்தாவது சீசனில் ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஜெயித்தபோது நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் எப்படிப் போட்டியில் வரலாம் என்று பேஸ்புக் முழுக்க அதே பேச்சு. அவர் பாட்டில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விதி இதுதான் என்று முதல் வாரமே பார்க்கிறவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அப்புறம் வைல்டு கார்டு. பந்தியை விட்டு எழுந்து கைகழுவிப் போனவனைக் கூப்பிட்டு மறுபடி இலை போடுவது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டவன் இளிச்சவாயனா?

ஒலியும்ஒளியும்

தர்க்கம் தம்பி, இவ்வளவு விவரம் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்திருக்கிறீர்கள்.

நான் பழைய ஆள். எங்கள் வீட்டுத் தட்டட்டியில் ரேடியோவை வைத்தால் சென்னையைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும், கடல் தாண்டினால் அந்தப் பக்கம்தானே. பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டை அங்கே கேட்டு, பிறகு அதையே சன் டிவியில் பார்த்தோம். ஒரு எழுத்தைச் சொன்னால் அதில் பாட்டு எடுக்கவேண்டும், எடுக்கத் தெரியாவிட்டால் இறங்கிப் போகவேண்டும். ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களிலும் அப்படித்தான்: வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். பாடினவர் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்காக நான் ஏங்கியதும் இல்லை.

வானொலியில் ஆடிஷன் என்றால் அது வேறு மாதிரி. குரலை மட்டும் கேட்டு பி, பி-ஹை, ஏ என்று தரம் போடுவார்கள். பாளையங்கோட்டை நிலையத்தில் என் சித்தப்பா இரண்டு முறை போய் இரண்டு முறையும் தேறவில்லை. மூன்றாவது முறை பி கிடைத்தது. சாகிறவரை லெட்டர்பேடில் "வானொலிக் கலைஞர்" என்று போட்டுக்கொண்டார். முதல் இரண்டு முறை எதற்காகத் தேறவில்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டார், கேட்டால் "அன்னைக்குத் தொண்டை சரியில்லை" என்பார். இரண்டு தடவையுமா சித்தப்பா?

முக்கூடல் மைனி

எனக்கு இங்கே எழுதிப் பழக்கமில்லை, மகன்தான் டைப் அடிக்கிறான். ஆனால் இதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் தெருப் பிள்ளை ஒன்று டிவியில் பாடியது. எந்த சேனல் என்று கேட்காதீர்கள். நாலு சுற்று தாண்டியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் படம் எடுக்க ஆறு பேர் வந்தார்கள். அவள் அம்மா முன்னே பீடி சுற்றினவள்தான். கண் மங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள், இப்போது தையல், நாலைந்து ஆடு. வந்த தம்பி "அம்மா, நீங்க பீடி சுத்துற மாதிரி ஒரு ஷாட் வேணும்" என்றான். வீட்டில் தட்டு இல்லை, இலை இல்லை, தூள் இல்லை. நேரே என் வீட்டுக்கு ஓடிவந்து தட்டை வாங்கிப் போனார்கள். அன்று நான் நனைத்து வெட்டி வைத்த இலை அதில் இருந்தது. டிவியில் நீங்கள் பார்த்த தட்டு என்னோடது!

அப்புறம் அவளிடம், "வீட்டுக்காரர் இருந்திருந்தா இதப் பாத்து என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டார்கள். முதல் தடவை வெட்கத்தில் சிரித்துவிட்டாள். லைட்டைத் தள்ளி வைத்து மறுபடி கேட்டார்கள். அப்போதும் சிரிப்பு. மூன்றாவது தடவைதான் அழுதாள். அழுதது நிஜம், அதை நடிப்பென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் சிரித்தது டிவியில் வரவில்லை. அந்த மனுஷன் இருந்திருந்தாலும் சிரித்துத்தான் இருப்பார், அவர் அப்படி ஆள்.

தட்டு சாயங்காலம்தான் திரும்பி வந்தது. இலை காய்ந்து போச்சு. அன்றைக்குச் சுற்றவேண்டியதில் பாதிகூட முடியாமல் பீடிக்கடையில் பேச்சு வாங்கினேன். ஆனாலும் அந்த வாரம் எங்கள் வீட்டில் இருக்கிற மூன்று போனிலும் அந்தப் பிள்ளைக்குத்தான் ஓட்டுப் போட்டோம். பேரனுக்கு ஆன்லைன் பாடத்துக்கு வாங்கின போனையும் சேர்த்து.

தச்சநல்லூர் தர்க்கம்

மைனி, இதைத்தான் நான் சொல்லவந்தேன். இல்லாத பீடித் தட்டைக் கடன் வாங்கி ஏழ்மை காட்டுகிறவன் ஓட்டை மட்டும் ஒழுங்காக எண்ணுவானா?

முக்கூடல் மைனி

அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பிள்ளை நல்லாப் பாடிச்சு.

கீபோர்டு, பாளை

இருபது வருஷமாக இன்னிசைக் கச்சேரியில் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் இருந்து மூன்று பேர் இந்த மாதிரி ஆடிஷனுக்குப் போனார்கள், இரண்டு பேருக்குத் துணையாக நானும் போனேன். கொக்கிரகுளத்தாருக்கு உபயோகப்படுவதைச் சொல்கிறேன்.

முதல் சுற்றில் நீங்கள் டிவியில் பார்க்கிற நடுவர் ஒருவரும் இருக்கமாட்டார். சின்ன ரூமில் இரண்டு பேர், ஒரு கேமரா. விடியுமுன்னே வரிசை நின்றுவிடும், டோக்கன் நம்பர் ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே போனால் அரை நிமிஷம், நாற்பது வினாடி. பல்லவியை அவர்கள் காலையிலிருந்து இருநூறு தடவை கேட்டிருப்பார்கள். அதனால் சரணத்தில் எந்த வரியில் குரல் மேலே ஏறுகிறதோ அங்கேயே தொடங்கச் சொல்லுங்கள். சுருதி கொடுக்கமாட்டார்கள். பதற்றத்தில் எல்லோரும் சுருதியை ஒரு கட்டை கூட்டித்தான் எடுப்பார்கள், பிறகு மேலே போய்த் தொங்குவார்கள். வரிசையில் நிற்கும்போதே போனில் சுருதி ஆப்பைக் காதில் வைத்துக்கொள்ளவேண்டும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். வயசுச் சான்று, ஆதார் நகல், பிள்ளை மைனர் என்பதால் அப்பா அம்மா கையெழுத்து. காலை இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.

டிவியில் கேட்கிற குரலோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட்டு மனசு விடவேண்டாம். ஒளிபரப்புக்கு முன்னால் ஒலிக்கலவை உண்டு. சுருதி லேசாக விலகினால் இழுத்துச் சேர்க்கிற மென்பொருள் என் லேப்டாப்பிலேயே இருக்கிறது, கோவில் பாட்டு சிடிக்கு நானே செய்திருக்கிறேன். மேடைக் கச்சேரியில் அந்த வசதி கிடையாது. கல்யாண வீட்டில் பந்திச் சத்தத்துக்கு நடுவே, மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யாமல், சுருதி விடாமல் பாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் நீங்கள் டிவியில் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் மூன்று பேரில் ஒரு தங்கச்சி டிவியில் இரண்டே வாரம் முகம் காட்டினாள். அதுவரை மேடைக்கு ஆயிரத்து ஐநூறு வாங்கினவளுக்கு இப்போது எட்டாயிரம். நோட்டீஸில் பேருக்கு முன்னால் "டிவி புகழ்" என்று போடுகிறார்கள். குரல் அதே குரல்தான். எனக்கு அதே ஆயிரத்து இருநூறு.

வீசுகோல்

நான் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவன், பக்கப்பாட்டும் உண்டு. பேர்தான் வீசுகோல். வில்லை அடிக்கிற அந்தக் கோல், முன்னால் பாடுகிற எங்கள் புலவர் கையில் இருக்கும், என்னிடம் தரமாட்டார்.

நடுவர், நடுவர் என்கிறீர்களே. எங்கள் நடுவர்களைப் பாருங்கள். ஒரு கோவில் கொடைத் திருவிழாவில் சுடலைமாடன் பிறப்புக் கதை பாடிக்கொண்டிருந்தோம். நேரமாகிவிட்டது என்று புலவர் கைலாயத்தில் விளக்குச் சுடர் தெறிக்கிற இடத்தை இரண்டு வரியில் தாண்டினார். பந்தலில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி, எண்பது இருக்கும், அங்கிருந்தே சத்தம் போட்டாள்: "வே, சுடரை எங்க வே? புள்ள எங்கேருந்து வந்துச்சாம்?" வில்லை நிறுத்திவிட்டோம். ஜனம் சிரிக்கிறது. புலவர் கும்பிடு போட்டுவிட்டு பின்னே போய் முழுசாகப் பாடினார். பாடி முடித்துத்தான் சாமியாடிக்கு அருள் வந்தது. கதை அந்தக் கிழவிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஐம்பது கொடை கேட்டவள்.

அந்த மாதிரிக் காது முன்னால் உட்கார்ந்திருந்தால் நமக்கே ஒரு பயம் இருக்கும், பயத்தில் ஒரு ஒழுங்கும் வரும். ஓட்டுப் போடுகிறவர் கையில் போன் இருக்கிறது, சரி. கதை தெரியுமா? நாதஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலம் நம் சேரன்மகாதேவிப் பக்கத்து ஆள், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-ல் போய்விட்டார், கோவில்பட்டியில் சிலை நிற்கிறது. கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியோடு அவர் வாசித்த "சிங்கார வேலனே"வை இன்றைக்கும் ஜனம் கேட்கிறது. அவருக்கு எவன் எஸ்எம்எஸ் போட்டான்?

இப்படி எழுதுகிறவன் 2018-ல் என்ன செய்தேன் தெரியுமா? செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் சூப்பர் சிங்கரில் பாடினார்கள் இல்லையா, கிராமியப் பாட்டு மட்டும் வைத்துக்கொண்டு. குழு முழுக்க ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்தோம், ஓட்டுப் போட்டோம். செந்தில் ஜெயித்த அன்று புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். அடுத்த வருஷம் ஒரு கொடையில் நடுச்சாமம் இளவட்டங்கள் அவர்கள் இருவரும் சினிமாவில் பாடின "சின்ன மச்சான்" பாடுங்க என்று சீட்டு அனுப்பினார்கள். சுடலை கதை நடுவிலா? புலவர் கமிட்டியைப் பார்த்தார், கமிட்டி வேறெங்கோ பார்த்தது. பாடினோம். குடத்தில் அந்தத் தாளம் நன்றாகவே உட்கார்ந்தது, சும்மா சொல்லக்கூடாது. அந்த ராத்திரி எங்களுக்கு விழுந்த அன்பளிப்பு அதுவரை விழுந்ததே இல்லை.

கணியான் கூத்துக்காரர்கள் கதை எங்களைவிட மோசம். மகுடம் என்கிற அவர்கள் தோல்வாத்தியத்தை அடிக்க இப்போது எத்தனை பையன்கள் வருகிறார்கள் என்று முன்னால் நின்று பாடுகிற அண்ணாவிமாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களை டிவி ஒருநாள் கூப்பிட்டால் போகவேண்டாம் என்றா சொல்வேன்? ஓடிப்போய்ப் பாடு என்பேன்.

எட்டாவது பெஞ்ச்

முழு நிகழ்ச்சியை யார் பார்க்கிறார்கள்? பாட்டை மட்டும் வெட்டி ஷார்ட்ஸில் போடுகிறார்கள், அதைப் பார்த்தால் போச்சு. ஓட்டும் போட்டதில்லை, அழுததும் இல்லை.

ஒலியும்ஒளியும்

ஜெயித்தவர்கள் பெயரை எட்டாவது பெஞ்சிடம் கேளுங்கள், ஒன்றும் தெரியாது. 2006-ல் முதல் சூப்பர் சிங்கரில் யார்? நிகில் மேத்யூ. எத்தனை பேருக்கு ஞாபகம்? ஏழாவது சீசனில் கோப்பை மூக்குத்தி முருகனுக்கு, ஆனால் வீட்டுக்கு வீடு தெரிகிறது சிவாங்கியை. ஜூனியர் மூன்றாவது சீசனில் இரண்டாவதாக வந்த பிரகதியைப் பரதேசி படத்தில் பாட வைத்தார்கள். சிவகார்த்திகேயன் பாட வரவில்லை, கலக்கப் போவது யாருவில் மிமிக்ரி பண்ண வந்தவர். வண்டி எங்கே இறக்கிவிடுகிறது என்பது ஏறும்போது தெரிவதில்லை.

ஷார்ஜா நெல்லை

எங்கள் ரூமில் எட்டுப் பேர். நாலு பேர் நம்மூர், இரண்டு பேர் தஞ்சாவூர், ஒருத்தர் கன்னியாகுமரி, ஒருத்தர் மலையாளி. வெள்ளிக்கிழமை லீவில் போன வாரத்து எபிசோடைச் சேர்த்துப் போடுவோம். தென்மாவட்டத்துப் பிள்ளை பாடினால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சுருதி சேராது, அவர்கள் ஊர்ப் பிள்ளை பாடினால் எங்களுக்குத் தாளம் உதைக்கும். மலையாளி ஒருத்தர்தான் பாட்டைக் கேட்பார்.

ஊர்ப்பாசம் எதுவரை போகும் என்பதற்கு டார்ஜிலிங்கைப் பாருங்கள். 2007-ல் இந்தியன் ஐடல் மூன்றாவது சீசன். கொல்கத்தா போலீசில் கான்ஸ்டபிளாக இருந்த பிரசாந்த் தமாங், மலை ஊர் கூர்க்காப் பையன். டார்ஜிலிங்கே திரண்டு ஓட்டுப் போட்டது, ஜெயித்தார். அதற்கு முன்நின்று ஆள் திரட்டியவர்களில் ஒருவர் பிமல் குருங். அதே வருஷம் அக்டோபரில் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்று கட்சியே தொடங்கிவிட்டார், பழைய தலைவர் சுபாஷ் கிஷிங்கின் காலம் அதோடு முடிந்தது. ஒரு எப்எம் ரேடியோக்காரர் தமாங்கைப் பற்றிக் கிண்டலாக ஏதோ சொல்லப்போய் சிலிகுரியில் கலவரம் வேறு. பாட்டுப் போட்டிதானே என்று நாம் நினைக்கிறோம். அந்த ஜனங்களுக்கு, நாங்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறோம் என்று டிவிக்குள் கையைத் தூக்கிக் காட்ட அது ஒரு வழி.

நம்மூரிலும் பிள்ளை இறுதிச்சுற்றுக்குப் போனால் வண்ணார்பேட்டை முக்கில் பிளக்ஸ் வைப்பான்கள். பிளக்ஸில் பாடகியின் படம் சின்னதாக இருக்கும், வைத்தவனுடையது பெரிசாக இருக்கும். அது வேறு கதை.

வரவு செலவு

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. போட்டியில் ஜெயித்த பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி. அடிப்படை விலக்கு எல்லாம் இந்தப் பணத்துக்குக் கிடையாது. பணமாகத் தந்தால் பிடித்துக்கொண்டு தருவார்கள். வீடு, கார் என்று பொருளாகத் தந்தால், வரி கட்டியாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தரவேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா, ஜெயித்தவர் தலையிலா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். அத்தனை வருஷத்துக்கு வேறு சேனலில் பாடக்கூடாது, இத்தனை நிகழ்ச்சிக்கு வரவேண்டும் என்றெல்லாம் உள்ளே எழுதியிருக்கலாம்.

கொக்கிரகுளத்தான்

ஆடிட்டர் சார், இன்னும் டோக்கனே வாங்கவில்லை, அதற்குள் வீட்டுக்கு வரி கட்டச் சொல்கிறீர்கள்.

எல்லோருக்கும் நன்றி. மைனி எழுதியதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீட்டுக்குப் படம் எடுக்க வந்தா எதைல கேப்பான்?" என்றாள். எங்களிடம் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அத்தான் மின்வாரியத்தில் இருக்கிறார், மாடி வீடு, இரண்டு வண்டி. "அப்பம் நம்ம புள்ளைய எடுக்கமாட்டானோ?" என்று அக்காவுக்கு அதில் ஒரு கவலை வந்துவிட்டது. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

அத்தான் இதையெல்லாம் சாய்வு நாற்காலியில் கேட்டுக்கொண்டே இருந்தார். தர்க்கம் எழுதிய ஐடிவி விவரத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். முகத்தில் ஒரு சந்தோஷம். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, "சரணத்துல எடுக்கணுமாம், கேட்டியா?" என்றார்.

கீபோர்டு, பாளை

என்ன பாட்டு முடிவு பண்ணியிருக்கிறாள்? எனக்குத் தனியாகக் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், கட்டை பார்த்துச் சொல்கிறேன்.

கொக்கிரகுளத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி புதுப் பஸ் ஸ்டாண்டில் ஏறி, விடியுமுன்னே மதுரையில் இறங்கிவிட்டோம். நாங்கள் வரும்போதே வரிசை தெருமுனையைத் திரும்பியிருந்தது. டோக்கன் 1,146. இப்போது மணி பதினொன்றே கால், உள்ளே எண்ணூறுகூட தாண்டவில்லை. இட்லி தீர்ந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் விளாத்திகுளத்துப் பையன் ஒருத்தன், பின்னால் தேனியில் இருந்து அம்மாவும் மகளும். எல்லோரும் காதில் போனை வைத்துக்கொண்டு உம்ம்ம் என்று சுருதி பிடிக்கிறார்கள். தெருவே தேன்கூடு மாதிரி இரைகிறது.

அத்தானும் வந்திருக்கிறார். அரை நாள் லீவு போட்டால் போதும் என்றுதான் சொன்னேன், மூன்று நாள் போட்டிருக்கிறார். "செட்டப்புதான், இல்லைங்கல. உள்ள எப்படிப் பண்ணுதான்னு பாப்போம்" என்கிறார். இவ்வளவு நேரமும் குடையை மகளுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கீபோர்டு அண்ணாச்சிக்கு ஒரு தகவல். நீங்கள் கட்டை பார்த்துக் கொடுத்த பாட்டை அவள் பஸ்ஸிலேயே மாற்றிவிட்டாள். எந்தப் பாட்டு என்று கேட்டால் என்கிட்டேயும் சொல்லமாட்டேங்கா.